விலைக் கோடுகளும் வீட்டுச் சேமிப்பும்

மும்பையிலும் அதனைச் சூழ்ந்த கல்யாண், டோம்பிவிலி முதலிய ஊர்களிலும் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பணம் சேர்த்த வழி முற்காலத்தில் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருந்தது. பிராவிடண்டு பண்டுப் பிடித்தம் போக எஞ்சிய சம்பளத்தில் ஓர் ஆயுள் இன்ஷூரன்ஸ் பாலிசி, தபால் நிலையக் கணக்கு, ஒரு சீட்டு, பெண் குழந்தை இருப்பின் இயன்றபோது ஒரு பவுன்; இவ்வளவே. சொந்த ஊரில் ஒரு மனை வாங்கிவிட்டால் அதற்கு மேல் ஆசை இல்லை. இன்று அந்நிலை மாறிவிட்டது. காலை 9.15 மணிக்குப் பங்கு மார்க்கெட் திறக்கும் வேளையில் மின்சார ரயிலில் ஏறிப் பாருங்கள். பஜனைக் கோஷ்டி ஒருபுறம் பாட, மறுபுறம் நம் பிள்ளைகள் கைபேசியில் சிவப்பும் பச்சையுமான கோடுகளை உற்றுப் பார்த்த வண்ணம் இருப்பர்.

பங்கு வாங்குதல் தீயதென்று கூற நான் எழுதவில்லை. நல்ல கம்பெனிகளில் பங்கு கொள்வது நாட்டின் தொழில் வளர்ச்சியில் பங்கு கொள்வதேயாகும். ஆயினும் மார்க்கெட்டைக் கண்காணிக்கும் செபி அமைப்பு வெளியிட்ட கணக்கை அறியாமல் இருத்தல் கூடாது. பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்னும் வாயதா வியாபாரத்தில் 2021-22 முதல் 2023-24 வரையுள்ள மூன்று ஆண்டுகளில் ஈடுபட்ட தனிநபர்களுள் 93 சதவீதத்தினர் நஷ்டம் அடைந்தனர் என்றும், அந்நஷ்டத்தின் மொத்தத் தொகை 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்றும் 2024 செப்டம்பரில் செபி அறிவித்தது. அன்றன்றே வாங்கி அன்றன்றே விற்போரிலும் 2022-23இல் பத்துப் பேரில் ஏழு பேர் நஷ்டமே கண்டனர். இவர்களுள் கணிசமானோர் வரைபடம் பார்க்கக் கற்றவர்களே என்பதில் எனக்கு ஐயமில்லை. அங்ஙனமாயின் வரைபடத்தால் பயன் யாது? அது வருங்காலம் உரைக்கும் சோதிடம் அன்று, வேண்டாதவற்றைக் கழிக்கும் சல்லடை என்பதே என் துணிபு. அச்சல்லடையைக் கொண்டு கவனிப்புப் பட்டியல் ஒன்றை அமைப்பது எவ்வாறு என்பதையே இங்குக் கூற முற்படுகிறேன். தரகர்களின் செயலிகளில் இதற்கு வாட்ச்லிஸ்ட் என்று பெயர்.

பங்கு வியாபாரம் நம் நகருக்குப் புதிதன்று. 1850களில் டவுன்ஹாலின் எதிரில் ஓர் ஆலமரத்தடியில் தரகர்கள் கூடினர். அக்கூட்டமே வளர்ந்து 1875இல் சங்கமாகித் தலால் தெருவின் பங்குச் சந்தையாயிற்று. வரைபடக் கலையோ வேறு இரண்டு நாடுகளில் பிறந்தது. ஜப்பானில் ஒசாகா நகரின் டோஜிமா அரிசிச் சந்தை 1730இல் அரசின் அங்கீகாரம் பெற்றது. அந்நூற்றாண்டில் சகாத்தா என்னும் ஊரைச் சேர்ந்த ஹோம்மா என்ற அரிசி வியாபாரி, விலையின் ஏற்றத் தாழ்வுகளைக் கூர்ந்து நோக்கிப் பெரும் செல்வம் சேர்த்தார் என்பர். இன்று யாவரும் பார்க்கும் மெழுகுவத்தி வடிவக் கோடுகளுக்கு அவரையே மூலபுருஷராகக் கூறுவது வழக்கம். அமெரிக்காவில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகையைத் தொடங்கியோருள் ஒருவரான சார்லஸ் டௌ எழுதிய தலையங்கங்களிலிருந்து, 1902இல் அவர் மறைந்த பின், பிறர் திரட்டியதே டௌ கோட்பாடு.

வரைபடம் என்றதும் அஞ்ச வேண்டா. ரயில்வேயில் பணியாற்றும் குடும்பத்தினர் கண்ட்ரோல் சார்ட்டை அறிவர். ஒரு பக்கம் நிலையங்களின் பெயர்கள், மறுபக்கம் மணி நேரம். வண்டி ஒவ்வொரு நிலையத்தையும் கடந்த நேரத்தைக் கண்ட்ரோலர் குறித்துக் கோடிழுப்பார். கோடு செங்குத்தாகச் சென்றால் வண்டி விரைவாக ஓடுகிறது. படுத்துவிட்டால் எங்கோ நின்றுவிட்டது. இப்போது கம்ப்யூட்டர் இழுக்கும் கோட்டை அக்காலத்தில் பென்சிலால் இழுத்தனர். அக்கோட்டைக் கண்டு வண்டி இதுவரை எப்படி ஓடியது என்று சொல்லலாம். அடுத்த கேட்டில் எருமை குறுக்கே வருமா என்று சொல்ல இயலாது. பங்கு வரைபடமும் இத்தகையதே. நிலையங்களின் இடத்தில் விலை உள்ளது என்பதே வேறுபாடு.

மெழுகுவத்தி ஒன்றில் நான்கு விலைகள் அடங்கும்: அந்நாள் தொடங்கிய விலை, முடிந்த விலை, மிக உயர்ந்த விலை, மிகத் தாழ்ந்த விலை. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட பகுதி தடித்த உடல். அதற்கு மேலும் கீழும் நீளும் மெல்லிய கோடுகள் அன்றைய உச்சத்தையும் தாழ்வையும் காட்டும். முடிவு விலை உயர்ந்திருப்பின் பச்சை, தாழ்ந்திருப்பின் சிவப்பு. சுத்தியல் என்றும் விடிவெள்ளி என்றும் இவற்றின் சேர்க்கைகளுக்குப் பற்பல பெயர்கள் இட்டு, அவற்றை மனப்பாடம் செய்விக்கும் வகுப்புகள் பணம் வாங்கிக்கொண்டு நடைபெறுகின்றன. புதிதாகத் தொடங்குவோர்க்கு அவை வேண்டியதில்லை என்பது என் கருத்து.

வேண்டுவன இரண்டு. முதலாவது விலையின் போக்கு. ஒவ்வொரு உச்சியும் முந்தைய உச்சியைவிட உயர்ந்தும், ஒவ்வொரு பள்ளமும் முந்தைய பள்ளத்தைவிட உயர்ந்தும் அமைந்தால் அது ஏறுமுகம். இரண்டும் தாழ்ந்துகொண்டே வந்தால் இறங்குமுகம். டௌ கூறியதன் சாரம் இதுவே. இரண்டாவது, மூவிங் ஆவரேஜ் எனப்படும் நகரும் சராசரி. பள்ளிக்கூடக் கணக்கு இதற்குப் போதும். ஐந்து நாள் முடிவு விலைகள் 100, 102, 101, 105, 107 என்றால் கூட்டுத்தொகை 515, சராசரி 103. ஆறாம் நாள் விலை 110 எனில் முதல் நாளின் 100ஐ நீக்கி 110ஐச் சேர்க்கக் கூட்டுத்தொகை 525, சராசரி 105. இங்ஙனம் 200 நாட்களுக்குச் செய்தால் கிடைப்பது 200 நாள் சராசரிக் கோடு. அன்றாட ஆரவாரங்களை அடக்கிக் காட்டும் கோடு இது. விலை இக்கோட்டுக்கு மேலிருந்து, கோடும் மேல்நோக்கிச் சென்றால், ஏறக்குறைய ஓராண்டில் வாங்கியவர்கள் சராசரியாக லாபத்தில் இருக்கிறார்கள் என்பது பொருள். கீழிருந்தால் அவர்கள் நஷ்டத்தில் இருக்கிறார்கள். வாங்கிய விலை வந்தால் போதும், விற்றுவிடலாம் என்று காத்திருக்கிறார்கள். விலை சற்று ஏறியதும் அவர்கள் விற்க முன்வருவதால்தான் ஏற்றம் தடைப்படுகிறது. ரெசிஸ்டன்ஸ் எனப்படும் தடைக்கு இதனினும் எளிய விளக்கம் நான் கண்டதில்லை.

இனி சலிக்கும் முறை. தேசியப் பங்குச் சந்தையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகள் உள்ளன. அவை அனைத்தையும் பார்க்க இயலாது, பார்க்கவும் கூடாது. நிஃப்டி 500 என்னும் குறியீட்டில் அடங்கிய 500 கம்பெனிகளோடு நிறுத்திக்கொள்க. அவற்றுள் 200 நாள் சராசரிக்குக் கீழே உள்ளவற்றைத் தள்ளிவிடுக. மார்க்கெட் தளர்ந்த காலத்தில் இந்த ஒரு விதியே பாதிக்கு மேல் கழித்துவிடும். அதனால் வருந்த வேண்டாம், அந்த வேளையில் பட்டியல் சிறுத்திருப்பதே நன்று. எஞ்சியவற்றை நிஃப்டி குறியீட்டோடு ஒப்பிடுக. கடந்த ஆறு மாதங்களில் குறியீடு 5 சதவீதம் ஏற, ஒரு பங்கு 3 சதவீதமே ஏறியிருப்பின் அதனை ஏன் தேர வேண்டும்? பிறகு வால்யூம் என்னும் கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை. ஏறும் நாட்களில் அது மிகுந்தும் இறங்கும் நாட்களில் குறைந்தும் இருந்தால் ஏற்றத்துக்கு ஆதரவு உண்டு. அன்றே வாங்கி அன்றே விற்றது போக உண்மையில் எத்தனை சதவீதம் கைமாறியது என்னும் டெலிவரிக் கணக்கைத் தேசியப் பங்குச் சந்தையே நாள்தோறும் வெளியிடுகிறது. அதனைப் பார்ப்போர் மிகச் சிலர்.

இவ்வளவும் செய்தபின் 30 அல்லது 40 பெயர்கள் மிஞ்சலாம். அவற்றுள் சில வாரங்களாக ஒரு குறுகிய எல்லைக்குள் அடங்கி, பழைய உச்சியை நெருங்கி நிற்பவை எவை என்று கண்ணால் பார்த்து 10 அல்லது 12 மட்டும் எடுத்துக்கொண்டால் அதுவே பட்டியல். 1978இல் வெல்ஸ் வைல்டர் என்பார் தம் நூலில் வெளியிட்ட ஆர்.எஸ்.ஐ. என்னும் அளவையும் பலர் பார்க்கின்றனர். 14 நாள் கணக்கில் அது 70க்கு மேல் சென்றால் விற்க வேண்டும், 30க்குக் கீழ் வந்தால் வாங்க வேண்டும் என்று வாய்பாடு போலச் சொல்லித் தருகிறார்கள். வலுவான ஏற்றத்தில் அது வாரக்கணக்கில் 70ஐ ஒட்டியே நிற்கும்; வீழ்ச்சியில் 30க்குக் கீழேயே கிடக்கும். ஆதலால் அதனைக் கடைசியில் வைத்துக்கொள்வதே தகும்.

தள்ளுவதன் அருமையை உணர்த்த எஸ் பாங்கின் வரைபடம் ஒன்றே போதும். 2018 ஆகஸ்டில் அதன் பங்கு 404 ரூபாய் வரை உயர்ந்தது. தலைமை அதிகாரியின் பதவிக் காலத்தை ரிசர்வ் பாங்கு குறைத்துவிட்டது என்ற செய்தி வந்ததும் செப்டம்பர் 21 அன்று ஒரே நாளில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் விலை வீழ்ந்தது. பின்னர் 2019 ஏப்ரல் தொடக்கத்தில் மீண்டும் 280ஐத் தாண்டவே, இழந்ததெல்லாம் வந்துவிடும் என்று பலர் நம்பினர். ஆனால் வரைபடத்தில் அந்த 280, முந்தைய 404க்கு எவ்வளவோ தாழ்ந்த உச்சி. அம்மாத இறுதியில் பாங்கு தன் முதல் காலாண்டு நஷ்டத்தை அறிவித்தது. ஏப்ரல் 30 அன்று விலை சுமார் 29 சதவீதம் சரிந்தது. அக்டோபர் தொடக்கத்தில் 30 ரூபாயை ஒட்டி வந்துவிட்டது. 2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் பாங்கு தடையாணை பிறப்பித்து, டெபாசிட்தாரர் ஒருவர் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்கலாகாது என்றது. மறுநாள் பங்கு 5 ரூபாய் 55 காசு வரை சென்றது.

இந்த ஒன்றரை ஆண்டில் விலை குறைந்துவிட்டது, இனியும் குறையுமோ என்று எண்ணி 300இலும் 200இலும் 100இலும் 50இலும் வாங்கிச் சராசரியைக் குறைத்துக்கொண்டவர் பலர். 404இலிருந்து 200க்கு வந்த பொருள் மலிவு என்று தோன்றுவது இயல்பே. காய்கறிச் சந்தையில் நாம் அப்படித்தான் வாங்குகிறோம். மார்க்கெட்டில் 200க்கு வந்தது 100க்கும், 100க்கு வந்தது 10க்கும் வர இயலும். அந்தப் பாங்கின் வாராக் கடன் எவ்வளவு என்பது நம்மைப் போன்றோர்க்கு அப்போது தெரிந்திருக்க வழியில்லை. உச்சிகள் தாழ்கின்றன, பள்ளங்களும் தாழ்கின்றன என்பது கோடு பார்க்கத் தெரிந்த யாவருக்கும் தெரிந்திருக்கும். பட்டியலிலிருந்து அப்பெயரை அடிப்பதற்கு அது போதும். காரணம் தெரியாமலே தள்ளிவிடலாம் என்பதுதான் வரைபடம் தரும் சலுகை.

மறுபக்கத்தையும் சொல்லுதல் நேர்மை. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் தாமே கணக்கில் பொய் எழுதியதாகக் கடிதம் வெளியிட்டார். முந்தைய நாள் சுமார் 179 ரூபாயாக இருந்த பங்கு அன்று மாலை சுமார் 40 ரூபாய். நஷ்டத்தைக் கட்டுப்படுத்த ஸ்டாப் லாஸ் என்னும் விற்பனை ஆணையை 170இல் வைத்திருந்தாலும், விலை அவ்விடத்தில் நில்லாது சரிந்தோடும் நாளில் அந்த 170 கிடைப்பது அரிது. வாங்குவோர் அகப்படும் விலையே விலை. இன்னொரு தீங்கு, வரைபடத்தையே வேண்டுமென்று அழகாக வரைந்து காட்டுவது. சாதனா பிராட்காஸ்ட் என்ற சிறிய கம்பெனியின் பங்கைப் பற்றி 2022இல் யூடியூபில் பொய்ச் செய்திகளைப் பரப்பி, விலையையும் வால்யூமையும் ஏற்றி, ஏற்றியவர்கள் விற்றுவிட்டு அகன்றனர் என்று கண்டு செபி 2023 மார்ச்சில் தடை ஆணை பிறப்பித்தது. இத்தகைய பங்கின் கோடு ஏறும் வேளையில் பாடநூலில் அச்சிடத்தக்கதாக இருக்கும். நிஃப்டி 500க்கு வெளியே செல்ல வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது இது கருதியே. வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் வரும் பெயர் எதுவாயினும் பட்டியலில் ஏற்றாதிருப்பது அதனினும் நன்று.

வரைபடத்தை அடியோடு மறுக்கும் பேராசிரியர்களும் உளர். அமெரிக்கப் பேராசிரியர் பர்ட்டன் மால்கியல் 1973இல் வெளியிட்ட நூலில் ஒரு வேடிக்கையைக் கூறுகிறார். மாணவர்களைக் காசு சுண்டச் செய்து, தலை விழுந்தால் விலை ஏறியதாகவும் பூ விழுந்தால் இறங்கியதாகவும் கோடு வரையச் செய்தார். அக்கோடுகளிலும் மெய்யான பங்குகளில் காணும் உருவங்கள் யாவும் தோன்றின! விடுமுறை நாளில் குழந்தைகளோடு அமர்ந்து இதனைச் செய்து பார்க்கலாம். ஐம்பதில் தொடங்கி நூறு முறை சுண்டினால், இதை வாங்கியிருக்கலாமே என்று நாவில் நீர் ஊறும்படி ஒரு கோடாவது கிடைக்கும். கோட்டில் உருவம் கண்டதும் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடுவோர்க்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

எங்கள் குடியிருப்பில் ஓய்வுபெற்ற கார்டு ஒருவர் வசிக்கிறார். 2022இல் அப்பதவிக்கு டிரெயின் மானேஜர் என்று பெயர் மாற்றினார்கள். எங்களுக்கு அவர் இன்றும் கார்டு சார்தான். பணியில் இருந்தபோது வண்டியின் ஒவ்வொரு தாமதத்துக்கும் ஜர்னலில் காரணம் எழுதிய கை அது. இப்போது நாற்பது பக்க நோட்டு ஒன்றில் பட்டியல் எழுதுகிறார். பங்கின் பெயர், சேர்த்த தேதி, அன்றைய விலை, எந்த விலையைத் தாண்டினால் வாங்குவது, எந்த விலைக்குக் கீழ் வந்தால் தம் எண்ணம் தவறு என்று ஒப்புக்கொள்வது, ஒரே வரியில் காரணம். காரணம் எழுத வராவிட்டால் அப்பெயரை எழுதுவதில்லை. பட்டியலிலிருந்து நீக்கும்போதும் தேதியிட்டு அடிக்கிறார். அடித்த பெயர் பின்னர் என்ன ஆயிற்று என்பதையும் மூன்று மாதம் கழித்துச் சிவப்பு மையில் குறிக்கிறார். “வாங்கினதைவிட அடிச்சதுதான் சார் நிறைய,” என்று ஒருநாள் நோட்டைக் காட்டினார். பக்கத்துக்கு ஒன்றிரண்டு தவிர மற்றவை யாவும் கோடு விழுந்தவையே.

எவ்வளவு வாங்குவது என்ற கேள்விக்கும் அந்நோட்டிலேயே விடை உண்டு. ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் அன்றோ? ஒதுக்கிய முதல் ஒரு லட்சம் ரூபாய் என்க. ஒரு பங்கில் இழக்கச் சம்மதிப்பது அதில் 1 சதவீதம், அதாவது 1,000 ரூபாய். வாங்கும் விலை 250, தவறு என்று ஒப்பும் விலை 230, வேறுபாடு 20. ஆயிரத்தை இருபதால் வகுக்க 50 பங்குகள். வேண்டிய பணம் 12,500 ரூபாய். ஒப்பும் விலை 200 எனில் வேறுபாடு 50. அப்போது 20 பங்குகளே வாங்கலாம். பெரும்பாலும் பத்து முறை தொடர்ந்து தவறினும் ஏறக்குறைய பத்தாயிரத்தோடு நிற்கும். சத்யம் போன்ற நாள் குறுக்கிட்டால் இக்கணக்கும் பிழைக்கும். ஆயினும் 12,500 ரூபாயில் அடிபடுவதற்கும் ஓய்வூதியத் தொகை முழுவதிலும் அடிபடுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை உண்டு. செலவையும் கணக்கிட வேண்டும். டெலிவரிக்கு வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் பங்கு வியாபார வரி. ஓராண்டுக்குள் விற்ற லாபத்துக்கு 2024 ஜூலை 23 முதல் வரி 15இலிருந்து 20 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அடிக்கடி வாங்கி விற்பவரிடம் சர்க்காரும் தரகரும் கூட்டாளிகள்.

மற்றொன்றையும் இடையில் சொல்லிவிடுகிறேன். போனஸ் வழங்கிய நாளில் வரைபடம் பொய்யான வீழ்ச்சியைக் காட்டக்கூடும். 2024 அக்டோபர் 28 அன்று ரிலையன்ஸ் பங்கின் விலை பாதியானது. ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்ததே காரணம். பழைய விலைகளையும் பாதியாக்கித் திருத்திய வரைபடத்தையே பார்க்க வேண்டும். இல்லாவிடில் 200 நாள் சராசரி பல மாதங்களுக்குத் தவறாகவே இருக்கும்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர் பலர் உள்ளனர். 1966ஆம் ஆண்டு ரயில்வே ஊழியர் நடத்தை விதிகளில் 16ஆம் விதி, ஊழியர் பங்குகளில் சூதாட்ட வியாபாரம் செய்யலாகாது என்கிறது. அடிக்கடி வாங்குவதும் விற்பதும் அத்தகைய வியாபாரமாகவே கருதப்படும் என்று விளக்கமும் தருகிறது. அங்கீகாரம் பெற்ற தரகர் மூலம் எப்போதாவது முதலீடு செய்வதற்குத் தடையில்லை. மற்ற மத்திய சர்க்கார் ஊழியர்க்கும் 1964ஆம் ஆண்டு விதிகளில் இதுவே சட்டம். ஓர் ஆண்டில் இவ்வகைக் கொடுக்கல் வாங்கல் ஆறு மாத அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டினால் மேலதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2019இல் ஆணை வந்தது. மனைவி பெயரில் கணக்குத் தொடங்கித் தாமே நடத்தினால் விதி பொருந்தாது என்று சிலர் கருதுகின்றனர். தம் சார்பில் செய்வோரையும் குடும்பத்தினரையும் பற்றி அவ்விதியிலேயே உட்பிரிவு இருப்பதை அவர்கள் படித்துப் பார்ப்பது நலம்.

ஆகையால் பணியில் இருப்போர்க்கு நாள் வரைபடத்தைவிட வார வரைபடமே ஏற்றது. ஒரு மெழுகுவத்தி ஒரு வாரத்தைக் குறிக்கும். 200 நாள் சராசரிக்கு ஈடாக 40 வாரச் சராசரியை வைத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை 3.30 மணிக்கு மார்க்கெட் மூடியதும் அவ்வாரத்து வத்தி முடிந்துவிடும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் விலை அசையாது. பன்னிரண்டு பெயர்களையும் பார்த்து, அடிக்க வேண்டியவற்றை அடித்து, புதியன உண்டானால் எழுதி, நோட்டை மூடிவைக்க ஒரு மணி நேரம் மிகுதி.